ஒன்பது நாள் விருந்தாளி

போன வாரம் அக்கா அப்பாவைப் பார்க்கப் போகாமல் இருந்துவிட்டதில் வாசகர்கள் சிலருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். அப்பா வாசல் படியில் விழுந்து, முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தம்பி போன் செய்து சொல்கிறான். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன்டா" என்று வாக்குக் கொடுத்தவள், அன்றைக்குக் குட்டி போட முடியாமல் தவித்த ஒரு நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தைய ஞாயிறு வேறொரு காரணம். இப்படியே கணக்குப் பார்த்தால் அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.

அவள் நடத்துவது தெருவில் விட்டுப்போன நாய்களுக்கான காப்பகம். நாய்கள் நூற்று நாற்பது. வேலைக்கு ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு எப்போதும் காய்ச்சல். காலை ஆறு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வீடு மாற்றுகிறோம், நாயை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறக்கப் போகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நாய் ரொம்ப வளர்ந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அது வளரும் என்று யாரும் சொல்லவில்லையாம்.

பதினேழு வருடமாக இவர்களுக்கு ஒரே குரலில் பதில் சொல்லிச் சொல்லி, அக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த, காப்பகத்து வேன் ஓட்டும் வேன்காரர்கூட அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். அந்த அளவுக்கு முகத்தில் அலுப்பு ஏறியிருந்தது.

அன்று புதன்கிழமை. மேனேஜர் புது வீட்டுக்குப் புறப்படும் நாள்.

மேனேஜர் என்பது நாய். ஒன்பது நாளைக்கு முன்னால் மார்க்கெட்டின் பின்பக்கத்திலிருந்து வேன்காரர் அதைத் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் சாக்கடைச் சேறு. கழுத்திலும் முதுகிலும் மற்ற நாய்கள் கடித்த காயம். மருந்து போடுவதற்காகப் பாதம் தவிர முடியை மொத்தமாக வழித்தெடுத்தார்கள். வழித்த பிறகு உடம்பில் நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் தோரணை இருந்தது. கூண்டைத் திறந்துவிட்டால் நேராக ஆபீஸ் அறை வாசலுக்கு வந்து உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும்.

"புது மேனேஜர் சேர்ந்துட்டாரு, எல்லாரும் நேரத்துக்கு வாங்க" என்றார் வேன்காரர். அதுவே பெயராக நின்றுவிட்டது.

இப்படி வரும் நாய்களுக்கு ஒரு முறை இருக்கிறது. படம் எடுத்துக் காப்பகத்தின் முகநூல் பக்கத்தில் போடுவார்கள். யாராவது தேடி வருகிறார்களா என்று ஏழு நாள் காத்திருப்பார்கள். வராவிட்டால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த நாயைத் திரும்பக் கேட்டு வாங்கும் பேச்சே கிடையாது. பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் ஓடிவந்து அழுதவர்கள் எத்தனையோ பேர். எல்லோரையும் அக்கா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறாள். புது வீட்டில் ஒட்ட ஆரம்பித்த நாயை மறுபடி பிய்த்தெடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

மேனேஜரைக் கேட்டு வந்தவர் ஒரு தையல்காரம்மா. வீட்டின் முன்னறைதான் கடை. கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய கிழட்டு நாய் செத்துப்போனது. மூன்று முறை வந்து மேனேஜரோடு உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்.

"மேடம், இதுக்கு முன்னாடி வீடு எதுவும் இருந்திருக்குமா?" என்று கேட்டார், கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டே.

"இருந்திருக்கும். ஆனா யாரும் தேடலையே" என்றாள் அக்கா. "இனிமே இதுக்கு யாரும் இல்லைம்மா. நீங்கதான்."

இந்த வார்த்தையை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சொல்லும்போது மனசு கொட்டாவி விட்டது.

நாய் புறப்படும் நேரத்தில் காப்பகத்து ஆட்கள் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தெரிந்த முகம் கண்ணில் பட்டால் நாய் நகராது. மேனேஜர் அப்படித்தான் அக்காவின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. அவள் திரும்பி நின்று சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நகங்கள் சிமென்டுத் தரையில் உரசும் சத்தம். பிறகு ஆட்டோ கிளம்பும் சத்தம்.

"போயாச்சு" என்றார் வேன்காரர்.

"கூண்டைக் கழுவிடுங்க. மத்தியானம் ரெண்டு வருது" என்றாள் அக்கா.

பன்னிரண்டு மணி வாக்கில் தம்பி வந்தான். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அப்பா தனியாக இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். காப்பகத்துக்கு அவன் வருவதே அபூர்வம்; நாய் முடி பட்டால் தும்முவான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு என்னடா?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. காலையில ரெண்டு தெரு நடந்துட்டு, முடியாம பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்துட்டாரு. யாரோ கூட்டிட்டு வந்து விட்டாங்க." உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அக்கா, போதும். ரெண்டு வாரமா நீ எனக்குத் தண்டனை கொடுத்தது போதும். நானே வந்துட்டேன்ல? துரையைக் கொடு, கூட்டிட்டுப் போறேன்."

"எந்தத் துரை?"

"விளையாடாதே."

அவள் விளையாடவில்லை என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவன் சொல்வது என்ன என்று அவளுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் கூட ஆனது.

துரை அப்பாவின் நாய். அம்மா போன ஆறாம் மாதம், வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று அக்காவே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்த குட்டி. அப்போது அது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு உருண்டை. அந்த வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனதும் அன்றைக்குத்தான்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அப்பா படியில் விழுந்ததற்குக் காரணம் துரை. பூனையைப் பார்த்து இழுத்திருக்கிறது. அடுத்த முறை விழுந்தால் இடுப்பு எலும்புதான், அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாயை வேறு எங்காவது கொடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னதற்கு, அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

"அதான்..."

"அதான்?"

"மார்க்கெட் பின்னாடி கொண்டுபோய் விட்டுட்டேன்."

அக்கா அவனையே பார்த்தாள். இந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். இந்த வாயிலிருந்து கேட்பாள் என்று நினைத்ததில்லை.

"அப்படிப் பார்க்காதேக்கா. அது உன் வேன் தினமும் வர்ற ரூட்டுன்னு தெரிஞ்சுதான் விட்டேன். மறுநாளே உங்கிட்ட வந்துடும், நீ பார்த்ததும் போன் பண்ணி என்னைக் கிழிப்பே, அப்புறம் நீயே வந்து அப்பாகிட்டப் பேசி, நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்துடுவேன்னு நினைச்சேன். நீ சொன்னா அவர் கேட்பாரு. நான் சொன்னா கேட்க மாட்டாரு."

"அந்த வாரம் வேன் மூணு நாள் ரிப்பேர்ல நின்னுச்சுடா." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "மூணு நாள் அது தெருவுல கிடந்து கடி வாங்கியிருக்கு. கழுத்துல பட்டை?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

தம்பி ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான். கழுத்துப் பட்டையைக் கழற்றி விடுகிறவர்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாததா?

"நீ போனே பண்ணல" என்றான் தம்பி. "ஆனா படம் மட்டும் போட்டிருந்தே. மேல 'இவரைத் தெரியுமா?'ன்னு வேற எழுதி. எனக்காகத்தான் எழுதியிருக்கேன்னு நினைச்சேன். தினமும் எடுத்துப் பார்த்துட்டு வச்சுடுவேன்."

"எல்லா நாய்க்கும் அதைத்தாண்டா எழுதுவோம்!"

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"அக்கா, நெஜமாவே உனக்குத் தெரியலையா? பின்னங்கால்ல ஒரு விரல் மட்டும் வெள்ளையா இருக்குமே?"

அந்த வெள்ளை விரலின் நகத்தை அவளே போன வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டாள். நூற்று நாற்பது நாயையும் இருட்டில் குரைப்பை வைத்தே சொல்லிவிடுவாள் என்று ஊர் முழுக்க அவளுக்குப் பெயர். சொந்த வீட்டு நாய் ஒன்பது நாள் காலடியில் கிடந்திருக்கிறது. துரை வளர்ந்த படங்களைத் தம்பி மாதா மாதம் அனுப்பியிருந்தான். அவற்றில் ஒன்றையாவது அவள் திறந்து பார்த்திருந்தால்தானே? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் போலவும் இருந்தது. அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறே. எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுடா" என்றாள்.

"துரை எங்க இப்போ?"

"காலையில கொடுத்துட்டேன்."

தம்பி எழுந்துவிட்டான். "திரும்ப வாங்கு! ஒரு போன் போடு. இங்க நீ வச்சதுதானே சட்டம்?"

"நான் வச்சதுங்கிறதாலதான் முடியல. போன மாசம் ஒரு அம்மா, பத்தாம் நாள், ரெண்டு பிள்ளைங்களோட வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதுச்சு. இல்லன்னுட்டேன். இப்ப எங்க அப்பாங்கிறதால தையல்காரம்மாகிட்டப் போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்பேன்?"

"அப்ப அப்பாகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவே?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் தம்பி அவள் கையைப் பிடித்தான்.

"அப்பா, தான்தான் கதவைத் தாழ் போட மறந்துட்டதா நினைச்சிட்டு இருக்காரு. நான் விட்டேன்னு சொல்லிடாதேக்கா."

"நினைக்கட்டும்னு விட்டுட்டியா நீ?"

"ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கடைக்குமா ஓடுறது நான். நீ ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிட்டு வராம இருப்பே. நான் மட்டும் ஒரே ஒரு தப்புப் பண்ணக் கூடாதா?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிதான் அவளைக் குத்தியது.

அப்பா முன்னறையில், ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் தெருவாரியாகக் கடிதம் பிரித்தவர். எந்தத் தெரு, எந்த வீடு என்று விரல் நுனியில் வைத்திருந்தவர். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது; உடனே அடங்கிவிட்டது.

"வாம்மா. என்ன திடீர்னு? துரை வெளியில போயிருக்கான்" என்றார், அவள் கேட்காமலே. துரை ஆபீசுக்குப் போயிருக்கிற மாதிரி.

"எங்கேப்பா?"

"இங்கதான். பக்கத்து வீட்டுக்காரரோட. வந்துடுவான்." அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிட்டது. "நீ டீ குடிக்கிறியா?"

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்குத் தெரியும்."

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி சன்னலைப் பார்த்தான்.

"நான்தாம்மா கதவைச் சரியாச் சாத்தல. வயசாயிடுச்சு, கவனம் போயிடுச்சு. ரெண்டு வாரமாத் தேடுறேன். உனக்குப் போன் பண்ணலாம்னு பார்த்தேன். ஆனா துரையைக் கொடுத்தப்போ நீ நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேனே? நாய் தொலைஞ்சா ஒரு நாளைக்குள்ள சொல்லணும், சொல்லலைன்னா இனிமே நாயே கொடுக்க மாட்டோம்னு. நான் நாலு நாள் தாண்டினப்புறம்தான் அதை எடுத்துப் படிச்சேன்."

எல்லோரிடமும் வாங்கும் கையெழுத்தை அப்பாவிடமும் வாங்கியிருந்தாள் அவள். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நான் உங்க பொண்ணுப்பா."

"தெரியும்மா. அதனாலதான் பயமா இருந்துச்சு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துரை தன்னிடம் வந்தது, முடியை வழித்தது, ஒன்பது நாள் தன் கையாலேயே சோறு வைத்தது, அடையாளம் தெரியாமல் அன்று காலை கொடுத்துவிட்டது. எப்படித் தெருவுக்கு வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அந்த இடம் வரும்போது தம்பியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"உயிரோட இருக்கானா?" அப்பா கேட்டது அது ஒன்றுதான்.

"இருக்கான்பா. காயமெல்லாம் ஆறிடுச்சு."

"நல்லவங்களா அவங்க?"

"ரொம்ப நல்லவங்க."

"அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்ப சரிம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் கேட்டு வாங்கிடறேன்பா. சட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கொடுத்ததைக் கேட்கக் கூடாது. என் கால் இருக்கிற இருப்புக்கு அவனை வெளியில கூட்டிட்டுப் போக முடியுமா சொல்லு. அவங்க பார்த்துக்கட்டும்."

அப்போது அக்காவின் போன் அடித்தது. தையல்காரம்மா. நாயைக் கூட்டிப் போகிறவர்கள் முதல் நாளே எப்படியும் ஒரு போன் செய்வார்கள்; செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். அக்காவுக்கு எடுக்கக் கை வரவில்லை. அப்பா கண்ணாலேயே எடுக்கச் சொன்னார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல மேடம். தட்டை வச்சா மோந்து பார்த்துட்டு மூலையில போய்ப் படுத்துக்குது. எனக்குப் பயமா இருக்கு. அங்க இருந்தப்போ நல்லா சாப்பிட்டுச்சா?"

"மத்த நாய்ங்களோட வரிசையில நின்னு சாப்பிடும்மா. ஒருவேளை..." அக்காவுக்கு மேலே தெரியவில்லை.

அப்பா முன்னால் குனிந்தார். "அது தனியாச் சாப்பிடாதும்மா. நீங்க உங்க தட்டை எடுத்துட்டு வந்து அது பக்கத்துல தரையில உட்காருங்க. நீங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. அதைப் பார்க்காதீங்க, பார்த்தா வெட்கப்படும்."

மறுமுனையில் ஏதோ உருண்டு விழுந்தது. "ஐயோ மேடம், குரலைக் கேட்டதும் எந்திரிச்சு ஓடி வந்துடுச்சு! போனை நக்குது மேடம்! யாரு பேசுறது? ஐயா, இது உங்களுக்குத் தெரிஞ்ச நாயா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "நான் சும்மா... காப்பகத்துல கூடமாட வேலை பார்க்கிறவன்."

அவருக்குத்தான் பொய் சொல்ல வராதே. குரல் உடைந்துவிட்டது. மகளுக்காக, மகள் போட்ட சட்டத்துக்காக, எழுபத்து மூன்று வயதில் அப்பா பொய் சொல்கிறார். அக்காவால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அவர் எங்க அப்பா. அது அவரோட நாய். ஒன்பது நாளும் எனக்கு அது தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சது. உங்ககிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

மறுமுனையில் துரை முனகுவது மட்டும் கேட்டது. தையல்காரம்மா பேசியபோது அவர் குரல் மாறியிருந்தது.

"கொடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன் மேடம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலையில கேட்டேன், யாரும் தேடலைன்னீங்க. இவ்வளவு பாசமா வளர்த்த வீட்டு நாய், உடம்பெல்லாம் கடி வாங்கித் தெருவுல கிடந்துச்சே, எப்படி? யாரு விட்டது? அது தெரியாம நான் எந்த வீட்டுக்கும் இதை அனுப்ப மாட்டேன்."

நியாயமான கேள்வி. இத்தனை வருடமாக அக்கா எல்லோரிடமும் கேட்டுவந்த கேள்வி.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு போன் பக்கம் குனிந்தார்.

"என் தப்புதாம்மா. கதவை நான்தான்..."

சன்னலோரத்திலிருந்து தம்பி வந்து, அப்பாவின் தோளில் கை வைத்தான்.

"நீங்க சொல்லாதீங்கப்பா" என்றான். "நான் சொல்றேன்."